டெல்டாவில் கேமிங்: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ கேம் ஆடுவதற்கென்று மெஷின் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். யூடியூப் அலசல்கள் பெரும்பாலும் ஏசி அறையில், கரண்ட் போகாத ஊரில் எடுத்தவை. நம் பக்கம் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) கணக்கோடு ஈபி கரண்டையும் ஐப்பசி மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டிலிருந்து ஆடுபவர் டெஸ்க்டாப் வாங்கட்டும், ஆனால் யுபிஎஸ் விலையையும் பட்ஜெட்டுக்குள் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

லேப்டாப் கடையில் பலர் ஏமாறுவது பெயரில். டெஸ்க்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டில் (திரைக்குப் படம் வரையும் பாகம், ஜிபியூ என்பதும் இதைத்தான்) 12 ஜிபி நினைவகம் உண்டு, அது 250 வாட் வரை இழுக்கும். அதே பெயரில் லேப்டாப்பில் வருவது 8 ஜிபிதான், மின்சாரமும் பாதிக்கும் குறைவு. உள்ளே இருக்கும் சிப்பே வேறு. இன்னொன்று, ஒரே ஆர்டிஎக்ஸ் 5060 இரண்டு லேப்டாப்களில் இரண்டு வேகத்தில் ஓடும். அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் தீர்மானிக்கிறார். அதனால் கார்டின் பெயரோடு நிறுத்தாமல் 'இதில் ஜிபியூ எத்தனை வாட்?' என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, கரண்ட் விஷயத்தில் லேப்டாப்தானே மேல்? ஓரளவுக்கு. கரண்ட் போனாலும் அணையாது, எழுதிக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் பிழைக்கும். ஆனால் பேட்டரிக்கு மாறிய நொடியே கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் மின்சாரம் வெகுவாகக் குறைந்து, ஆட்டம் திக்க ஆரம்பிக்கும். பேட்டரியில் கேமிங் என்பது பேருக்குத்தான். லேப்டாப்பின் உண்மையான பலம் அதன் அடாப்டர். 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் என்பதால், சாயங்காலம் லோ வோல்டேஜில் ட்யூப்லைட் கண் சிமிட்டும் தெருவிலும் அசராது.

டெஸ்க்டாப்பில் அதே உறுதி வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் (கரண்டை உள்ளே பிரித்துக் கொடுக்கும் பெட்டி) காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் அமைப்பு) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலானவை அந்த 100–240 வோல்ட் வரம்பைத் தாங்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் மலிவு ரகத்தை நம்பி விலையுயர்ந்த கார்டை மாட்டாதீர்கள். இந்த நல்ல ரகங்களில் சில, ஈபி கரண்ட் போலச் சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகக் கொடுக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் முரண்டு பிடித்து அணைந்துவிடுவதும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சீரான அலை தரும் சைன் வேவா என்று பார்த்துவிடுங்கள்.

யுபிஎஸ் அளவையும் கவனியுங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். 5060 கார்டு போட்ட டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து ஆட்டத்தின்போது 300 வாட் பக்கம் இழுக்கும். விளிம்பில் நிற்பதற்குப் பதில் 1 கேவிஏ (1000 விஏ) எடுங்கள், கேமைச் சேவ் செய்து முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். ரவுட்டரையும் அதிலேயே செருகிவிடலாம்.

ஈபி பில்? தினமும் 3 மணி நேரம் ஆடினால், 300 வாட் டெஸ்க்டாப் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். 170 வாட் இழுக்கும் லேப்டாப் 31 யூனிட். வித்தியாசம் 23 யூனிட்தான். ஆனால் வீட்டில் ஏசி ஓடி, ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த 23 வலிக்கும். அதற்கு மேல் போனால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது.

என்னை டெஸ்க்டாப் பக்கம் முழுதாகச் சாய்ப்பது ரிப்பேர். டெஸ்க்டாப்பில் ராம் போனால் ராம், எஸ்எம்பிஎஸ் போனால் எஸ்எம்பிஎஸ், கும்பகோணத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். கேமிங் லேப்டாப்பில் சிபியூவும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. போர்டு போனால் பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோதான் பயணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. தை அறுவடை சமயத்தில் வயலோர வீடுகளில் வைக்கோல் தூசி ஜன்னல் வழியே வந்து ஃபேனில் அடையும். டெஸ்க்டாப்பின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி பிளோயர் அடிப்பது யாருக்கும் கைவரும். லேப்டாப்பின் அடித்தட்டைத் திறக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. மின்னல் வெட்டும் இரவுகளில் மட்டும் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இண்டர்நெட் கேபிளையும் சேர்த்து. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. வல்லத்திலிருந்து வாராவாரம் திருவாரூர் போய்வரும் பிள்ளை கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. அவர்களுக்கு லேப்டாப்தான்.

மானிட்டர் திரையில் ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்று வகைகள் உண்டு, நான் ஐபிஎஸ் கட்சி. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் நம் வீடுகளில் விஏ பேனலின் 3000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) பெரிதாக எடுபடாது. இருட்டான காட்சி வேகமாக நகரும்போது அதில் வரும் இழுவைதான் கண்ணை உறுத்தும். இரவில் விளக்கணைத்துக் கதை விளையாட்டு ஆடுபவருக்கு விஏ பிடிக்கலாம். ஓஎல்இடி அழகுதான், ஆனால் பகலெல்லாம் எக்ஸெல்லும் டாஸ்க்பாரும் அசையாமல் நிற்கும் திரைக்கு பர்ன்-இன் பயம் (அசையாத படம் நிரந்தரமாகத் தடம் பதிப்பது) உண்டு. 8 ஜிபி கார்டுக்கு 24 அங்குல 1080பி (1920×1080 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது) போதும். 1440பி (2560×1440) போனால் புள்ளிகள் சுமார் 78 சதவீதம் கூடும், அத்தனையையும் அந்தக் கார்டு வரைந்தாக வேண்டும்.

கடைசியாக ஓஎஸ், அதாவது விண்டோஸா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸா என்பது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் கடைகளில் கிடைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 ஆபீஸ் மெஷின்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்த மெஷினில் 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 மாட்டி ஆடுகிறவர் லினக்ஸைத் தாராளமாக முயலலாம். ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதற்கென்று 2018இல் கொண்டுவந்த புரோட்டானால், ஸ்டீமில் உள்ள விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதி இன்று தனி வேலை எதுவும் இல்லாமல் ஓடுகிறது. ஏஎம்டி கார்டென்றால் டிரைவர் தேடும் வேலையும் இல்லை.

தடை ஆன்ட்டி-சீட், அதாவது ஆன்லைன் ஆட்டத்தில் ஏமாற்றுபவரைப் பிடிக்கும் மென்பொருள். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024இல் லினக்ஸுக்குக் கதவை மூடிவிட்டது. கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆடுபவருக்கு இந்தக் கவலையில்லை, அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. நண்பர் கூட்டம் வேலரன்ட்டில் இருந்தால் யோசிக்க வேண்டாம், விண்டோஸ் 11 போடுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வேண்டுமென்றால் ஒரே எஸ்எஸ்டியைப் (சேமிப்பு டிரைவ்) பிரிக்காமல் இரண்டு எஸ்எஸ்டிகளில் தனித்தனியாகப் போடுங்கள். அப்போது விண்டோஸ் அப்டேட் வந்து லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரைக் கெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.