காளான் பயிற்சி என்று நம்பி 48,500 ரூபாய் இழந்தேன்: கடலூர், புதுச்சேரி மக்களுக்கு எச்சரிக்கை

பண்ருட்டி வட்டத்தில் ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். நேற்று மாலை, காளான் பயிற்சி நடத்தியவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்து என் எண்ணை நீக்கிவிட்டார்கள். அந்தக் கணத்தில்தான், நான் கொடுத்த 48,500 ரூபாயைத் திருப்பித் தரும் எண்ணம் அவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பது உறைத்தது. இரவு முழுவதும் உறக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு என்றால், வெளியே சொன்னால் அவமானம் என்று நானும் வாயை மூடிக்கொள்வேன். எனக்கு முன்னால் ஏமாந்தவர்கள் அப்படி மூடிக்கொண்டதால்தான் என் முறை வந்தது.

புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். உழவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பலா மதிப்புக்கூட்டல் என்று திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் பயிற்சி நடத்தி, இரண்டாம் நாள் மாலையில் ‘தொழில் தொடங்கும் தொகுப்பு’ ஒன்றை விற்று, விளைந்ததைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக எழுதித் தரும் தனியார் பயிற்சி மையம் அது. அலுவலகம் புதுச்சேரியில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆள் சேர்ப்பதெல்லாம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில்தான்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது என் மாமனார் வைத்த மரங்கள் பெரும்பாலும் வேரோடு சாய்ந்தன. மறுபடி நட்டு, அவை காய்ப்புக்கு வருவதற்குள் எங்கள் கையிருப்பு கரைந்துவிட்டது. நான் சில ஆண்டுகள் தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன்; இப்போது வீட்டில் தையல். மகள் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டால் மாதம் ஏதாவது வரும் என்ற நினைப்பு வெகுநாளாக இருந்தது. அந்த நினைப்பு இருக்கும் வீடுகளைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள்.

பங்குனியில் பயிற்சி. கட்டணம் 3,500 ரூபாய். எங்கள் மகளிர் குழுவில் இருந்து நான்கு பேர் போனோம். நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களையும் அதே இடத்தில்தான் பிடிப்பார்கள்.

பேச வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். வேட்டி கட்டி, மிக மரியாதையாகப் பேசினார். உழவர்களுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் இந்தியாவின் முதலாவது 1974-ஆம் ஆண்டு புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது என்றும், அந்த மண்ணில் இருந்து தாங்கள் வருவதாகவும் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார். அந்தச் செய்தி முற்றிலும் உண்மை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கப்பட்ட அந்த நிலையத்துக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தோன்றவில்லை. அடுத்து தானே புயலைப் பற்றிப் பேசினார். “புயல் வந்தா முந்திரி போகும், பலா போகும். ஒரு பெட் காளான் போனா இருபது நாள்ல அடுத்த பெட் போட்டுக்கலாம்மா” என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினோம். என் பக்கத்தில் இருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடமும் பொய்யில்லை. வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும் என்று செய்தே காட்டினார். ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, இறுக்கிப் பிழியச் சொன்னார். கை ஈரமானது, ஆனால் நீர் சொட்டவில்லை. “இதுதான்மா பதம்” என்றார். பிறகு பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, ஓரமாக விதை ஓர் அடுக்கு என்று நிரப்பி, துளையிட்டு, உறியில் தொங்கவிட்டார். அந்தப் பையைத்தான் பெட், படுக்கை என்கிறார்கள். நல்ல விதை பஞ்சு போல வெள்ளை வெளேரென்று படர்ந்திருக்கும், அடியில் மஞ்சள் நீர் கோத்திருந்தால் அது பழைய விதை, வாங்கக் கூடாது என்றும் அவரே சொன்னார். அந்தப் பிடி வைக்கோல்தான் என்னை ஏமாற்றியது. இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் கற்றுக்கொடுக்கிறவர் விற்பதிலும் நேர்மையாகத்தான் இருப்பார் என்று முடிவு செய்துவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவளுக்குப் பாடம் நடத்துகிறவர் மேல் இயல்பாகவே ஒரு மதிப்பு இருக்கும். அவர் அதை எப்படியோ கண்டுகொண்டார்.

இரண்டாம் நாள் மாலை தொகுப்பை விரித்தார்கள். சிப்பிக் காளான் விதைப் பைகள் 120, படுக்கைக்கான பாலித்தீன் பைகள், ஒரு கைத்தெளிப்பான், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி ஒன்று. விலை 45,000 ரூபாய். அன்றைக்கே பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் கிலோ 180 ரூபாய்க்குக் காளானைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். கூட்டுறவுச் சங்கத்தில் மகளின் சங்கிலியை வைத்து வாங்கியிருந்த 30,000, குழுவின் உள்கடன் 12,000, தையல் சேமிப்பில் 6,500 என்று புரட்டி வைத்திருந்தேன். பயிற்சிக் கட்டணம் போக மீதியை அங்கேயே, மண்டபத்து வாசலில் நின்றபடி, அவர் காட்டிய க்யூஆர் குறியீட்டில் அனுப்பினேன். திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை. ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. “எங்க அக்கவுண்டன்ட் தான் மேடம்” என்றார்கள். சரி என்று எண்ணை அழுத்திவிட்டேன். ஆக மொத்தம் 48,500 ரூபாய். அதில் ரசீது இருப்பது 3,500 ரூபாய்க்கு மட்டும்.

பத்து நாள் கழித்துப் பெட்டிகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் கால்வாசிப் பைகளின் அடியில் மஞ்சள் நீர். உடனே அழைத்தேன். “வண்டியில வந்த சூடு மேடம், ஒண்ணும் ஆகாது, போடுங்க” என்று பதில் வந்தது. அவரே சொல்லித் தந்த பாடத்தை அவரிடமே எப்படித் திருப்பிச் சொல்வது என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்காக இன்றும் என்னை நொந்துகொள்கிறேன்.

இருந்தவற்றில் நல்லதாகத் தெரிந்தவற்றைப் பொறுக்கி 60 படுக்கை போட்டோம். கொட்டகையைச் சுற்றிச் சாக்கு கட்டி, என் கணவர் ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்தார். சித்திரை வெயிலில் கருவியில் 36 பாகை காட்டியது. பதினைந்தாம் நாள் பார்த்தபோது 17 படுக்கைகள் மட்டுமே வெளுத்திருந்தன. மீதியில் பச்சைப் பச்சையாகத் திட்டுத் திட்டான பூஞ்சணம், மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடை. அந்தப் பதினேழிலும் சேர்த்து ஒன்பது கிலோதான் அறுத்தோம்.

அதன் பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சொல்லி மாளாது. ஒன்பது கிலோவை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைத்தபோது, 25 கிலோவுக்குக் குறைந்தால் வண்டி வராது என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ‘நிறுவனத்தின் கொள்முதல் விதிகளுக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி இருக்கிறதாம், அதற்குள் அது அடங்குமாம். பூஞ்சணத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். முதல் நாள் “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க” என்றார்கள். மூன்றாம் நாள் உங்கள் தண்ணீரில் உப்பு என்றார்கள். ஆறாம் நாள் உங்கள் வைக்கோல் சரியில்லை என்றார்கள். அடுத்த வாரம் ஒரு பெண் எடுத்து, மிகவும் கனிவாக, “அக்கா, கொட்டகைல சுத்தம் பத்தலையோ என்னவோ” என்றாள். பெருக்கித் துடைத்து டெட்டால் தெளித்து வைத்திருந்த கொட்டகையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, அழுக்குப் பிடித்தவள் என்ற பேரையும் வாங்கிக்கொண்டேன்.

பேருந்து ஏறிப் புதுச்சேரிக்கே போனேன். ரசீதில் இருந்த முகவரியில், ஒரு கடைக்கு மேல் மாடியில், இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் இருந்தன. அங்கிருந்த இளைஞர் ரசீதைப் பார்த்துவிட்டு, “நாங்க பயிற்சிக்கு மட்டும்தான் பொறுப்பு மேடம், மெட்டீரியல் கொடுத்தது வேற கம்பெனி” என்றார். அந்த வேறு கம்பெனி எது என்று கேட்டேன், தெரியாது என்றார். மண்டபத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் புதுச்சேரியில் இரண்டு கம்பெனி ஆகிவிட்டார்கள். ஊர் திரும்பி அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். என்னைப் போலவே பச்சைப் பூஞ்சணப் படங்களை ஏழெட்டுப் பேர் போட ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எங்கள் எண்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன.

இதற்கிடையில் என் பெரியப்பா மகன் வற்புறுத்தியதால் ஒரு படுக்கையைப் பையோடு எடுத்துக்கொண்டு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போயிருந்தேன். பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள். அந்தப் பச்சை டிரைக்கோடெர்மா வகைப் பூஞ்சணமாம். நிலக்கடலை விதை நேர்த்திக்கு வேரழுகல் வராமல் இருக்க நாம் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதே இனம். வயலில் நண்பன், காளான் படுக்கையில் எமன். விதை பழசாகி வீரியம் குறைந்தால் அது முந்திக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, கோடையில் நம் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் யாரும் சிப்பிக் காளானில் தொடங்கக் கூடாதாம். அதற்கு 25 பாகையை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். 30 முதல் 35 பாகை வரை தாங்குவது பால் காளான். விதையையும் அந்தந்தத் தவணைக்குத் தேவையானதை மட்டும்தான் புதிதாக வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவரிடம் ஒரே நேரத்தில் 120 பை கொடுப்பதே தவறு என்றார்கள். பங்குனி மாதத்தில், கடலூர் மாவட்டத்தில், 120 சிப்பிக் காளான் பைகளை எங்கள் தலையில் கட்டியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? வைக்கோலின் பதம் தெரிந்தவருக்கு வெயிலின் பதம் தெரியாதா?

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். இந்தப் பயிற்சியை எல்லாம் தருவதற்கென்றே இங்கே இடங்கள் இருக்கின்றன. விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாப்பட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் உணவோடு, கட்டணம் இல்லாமல், நாட்கணக்கில் கற்றுத் தருகிறார்கள். முடித்தவர்களுக்கு வங்கிக் கடன் பெறவும் உதவுகிறார்கள். கோவைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் ஒருநாள் காளான் பயிற்சி ஆண்டாண்டாக நடந்து வருகிறது. ஆனால் எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தது யாருடைய சுவரொட்டி? இவர்களுடையதுதான். அரசுப் பயிற்சி பற்றிய செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்து போகிறது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்த நான்கு வரியை ஊராட்சி அலுவலகப் பலகையிலும் யாராவது எழுதிப் போட்டிருந்தால் இந்த 48,500 ரூபாய் என் வீட்டில் இருந்திருக்கும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. கைக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன். தனி ஆளின் பெயர் வரும் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். முழுத் தொகைக்கும் ரசீது வாங்குங்கள். பயிற்சி நடந்த அன்றே எதையும் வாங்காதீர்கள். “இன்றைக்கு மட்டும்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திரும்ப வாங்கும் ஒப்பந்தம் என்றால், ஏற்கெனவே விற்றுப் பணம் பெற்ற ஒருவரின் கொட்டகையை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பயிர், காளான் பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் இலவசமாகக் கேட்கலாம். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்; நான் நாட்களை வீணடித்தேன். நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நிறுவனம் புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். திங்கட்கிழமை காலை கடலூருக்குப் போகிறேன். நீக்கப்பட்டவர்களில் இரண்டு பெண்கள் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவசரமாக இன்னொன்று. அவர்களுடைய அடுத்த சுவரொட்டி இன்று காலை வேறொரு குழு வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. சிதம்பரம் பக்கம் ஒரு மண்டபம், வரும் சனி, ஞாயிறு. அதே வேட்டி கட்டியவரின் படம், கட்டணம் அதே 3,500 ரூபாய், தலைப்பு இந்த முறை தேனீ வளர்ப்பு. உங்கள் உறவினர் யாராவது பெயர் கொடுத்திருந்தால் இதை இன்றே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.