கிளினிக்கில் அறுவை சிகிச்சை: நியூயார்க் விதியா, புளோரிடா விதியா?

மருத்துவமனைக்கு வெளியே, டாக்டரின் கிளினிக்கிலேயே அறுவை சிகிச்சை செய்வதற்கு அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

நியூயார்க் முதலில் இடத்தைப் பார்க்கிறது. 2009 ஜூலை முதல், லேசான மயக்கத்தைத் தாண்டிய சிகிச்சையும், 500 மில்லிக்கு மேல் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதும் தரச்சான்று பெற்ற கிளினிக்கில் மட்டுமே நடக்கலாம். சான்று தருவது அரசு ஏற்ற தனி அமைப்புகள்.

புளோரிடாவோ செய்யும் வேலையையே அளக்கிறது. மயக்கத்தின் ஆழத்தைப் பொறுத்து மூன்று நிலைகள். கொழுப்பு உறிஞ்சலுக்கு 4,000 மில்லி உச்சவரம்பு. அழகு சிகிச்சைக்கு எட்டு மணி நேரம்தான். பிட்டத்தில் கொழுப்பு ஏற்றும்போது அது தசைக்குள் போய், பெரிய சிரை வழியே நுரையீரலை அடைத்துப் பலர் இறந்தார்கள். அப்புறம்தான் 2022-இல் ஒரு டாக்டருக்கு நாளுக்கு மூன்று என்று வரம்பு வந்தது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, தோலுக்கடியில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று 2023-இல் சட்டமே போட்டார்கள்.

உயிர் போன பிறகு வந்த விதி என்றாலும், கத்தி பிடிக்கும் கையையே கட்டுகிறது. சுவரில் தொங்கும் சான்றிதழ் அதைச் செய்யாது. ஆனாலும் என் ஓட்டு நியூயார்க்குக்குத்தான்: கருவியும் ஆளும் தயாரா என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் விதியை மட்டும் புளோரிடாவிடம் கடன் வாங்கலாம்.