திருச்சியிலிருந்து லண்டன்: சென்னை வழியா, கொழும்பு வழியா?

லண்டன் ஹாரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. முதல் தடவை சென்னை வரை வாடகைக் கார், அங்கிருந்து நேரடி விமானம். அடுத்த தடவை அப்பா அம்மாவோடு திருச்சியிலேயே ஏறி, கொழும்பில் மாறினோம். இனி எனக்குக் கொழும்புதான்.

தூரத்தை மட்டும் பார்த்தால் சென்னைதான் ஜெயிக்கும். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 8,230 கி.மீ. திருச்சி–கொழும்பு 420, கொழும்பு–ஹீத்ரோ 8,700. கூட்டினால் 9,100-ஐத் தாண்டும். ஆனால் அந்த 900 கி.மீ. விமானத்துக்கு ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் நம் கார் பெரம்பலூரைத்தான் தொட்டிருக்கும்.

பறக்கும் நேரமும் பெரிதாக மாறாது. சென்னையிலிருந்தானாலும் கொழும்பிலிருந்தானாலும் லண்டனுக்குப் போக பதினோரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். எதிர்க்காற்றால் போகும்போது இழுக்கும், திரும்பும்போது கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம்.

என்னை மாற்றியது வேறு விஷயம்: நடுவில் ஏதாவது தாமதமானால் அது யார் தலையில் விழுகிறது என்பது. சென்னை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊருக்குப் போன சனமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் வண்டி ஊர்ந்தது. கைவசம் மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்திருந்ததால் தப்பித்தேன். விமானத்தை விட்டிருந்தால் டிக்கெட் காசு போனது போனதுதான், ஜி.எஸ்.டி. ரோட்டில் (அந்தச் சென்னை நெடுஞ்சாலையில்) மாட்டிக்கொண்டேன் என்று எந்தக் கவுண்டரில் சொல்ல முடியும்?

கொழும்பு வழியில் இரண்டு விமானமும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் ஒரே டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் பார்த்து ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. பெட்டிக்குத் திருச்சியிலேயே ஹீத்ரோ டேக் போட்டுவிட்டார்கள். நடுவில் தொடவே இல்லை. முட்டிவலிக்கார அம்மாவுக்கு அதுவே பாதி நிம்மதி. மாறும் இடத்தில் சிங்களத்தோடு தமிழிலும் பலகை இருந்ததால் அப்பா யாரையும் கேட்காமல் முன்னால் நடந்தார்.

ஒன்று கவனியுங்கள்: இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியாக வாங்கினால் நான் சொன்ன பாதுகாப்பு எதுவும் கிடையாது. கொழும்பில் காத்திருப்பும் அட்டவணைக்கு அட்டவணை மாறும். எங்களுக்கு மூன்று மணி நேரம். எட்டு, ஒன்பது என்று காட்டினால் நானே யோசிப்பேன்.

வளைகுடா வழியாக நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. டிக்கெட் விலை அன்றாடம் ஆடுகிறது. ஒப்பிடும்போது சென்னைக் கணக்கில் கார் வாடகையையும் சுங்கக் கட்டணத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீடு என்றால் இந்த யோசனையே வேண்டாம், நேராகச் சென்னைக்குப் போய்விடுங்கள்.