சிறிய அறக்கட்டளைக்கு வேர்ட்பிரஸ்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

கிராமப்புற மாணவிகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஒரு சிறிய அறக்கட்டளையின் இணையதளத்தைத் தன்னார்வலராகப் பார்த்துக்கொள்கிறேன். 2022-இல் பழைய தளத்தை எடுத்துவிட்டு, இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் புதிதாகச் செய்தோம். புதிதாகச் செய்யும்போது எந்தத் தளமும் நன்றாகத்தான் இருக்கும். சில வருடம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

பழைய தளத்தில் ஒரு போன் நம்பரை மாற்றக்கூட அதைச் செய்துகொடுத்தவரைத் தேட வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போனதும் தளம் அப்படியே நின்றுவிட்டது. அதனால் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா யாரையும் கேட்காமல் திருத்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம். அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பில் முழுத் தளத்தையும் ப்ளாக்குகளாகவே (தனித்தனித் துண்டுகளாக) திருத்தும் வசதி சேர்ந்திருந்தது. காசு கொடுத்து தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) வாங்காமல், அதனுடன் வந்த ட்வென்டி ட்வென்டி-டூ தீமையே எடுத்துக்கொண்டோம். பார்க்கச் சாதாரணமாக இருக்கிறதே என்று ஓர் அறங்காவலருக்கு வருத்தம். அவருக்காக முகப்பில் படங்கள் மாறி மாறி வர ஒரு ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டோம். அதைச் செய்தவர்கள் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டதால், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் இயங்கும் பிஎச்பி மொழியின் பதிப்பு மாறிய அன்று முகப்பு வெறும் வெள்ளையாக நின்றது. தீம் இன்றுவரை எந்தத் தொல்லையும் தரவில்லை. ப்ளகின் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

அதிகம் யோசித்தது நன்கொடைப் பக்கத்துக்குத்தான். நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அங்கீகாரம் உள்ள அமைப்புகள், அவர்களின் விவரங்களை வருமான வரித்துறையிடம் படிவம் 10பிடி-யில் தாக்கல் செய்து, மே 31-க்குள் அவர்களுக்கு 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டிலிருந்து வந்தது. யூபிஐ க்யூஆர் கோடை மட்டும் வைத்தால் பணம் வந்துவிடும், ஆனால் அனுப்பியவரின் பேன் எண்ணும் முகவரியும் வராது. பிறகு ஏப்ரல், மே வெயிலில் அக்கா ஒவ்வொருவருக்காகப் போன் போட வேண்டும். இப்போது படிவத்தை நிரப்பினால்தான் க்யூஆர் கோடு தெரியும். பேன் எண்கள் மின்னஞ்சலில் சுற்றாமல் தரவுத்தளத்திலேயே இருக்கும். சிலர் பாதியில் விலகுகிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் கொடுத்தவருக்குச் சான்றிதழ் ஒழுங்காகப் போய்ச் சேர்வது எனக்கு அதைவிட முக்கியம்.

அதே பக்கத்தில், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்று எழுதியிருக்கிறோம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாததால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க முடியாது என்பதும் மேலேயே இருக்கிறது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நம்மவர்தானே என்று நினைத்துப் பலர் அனுப்பப் பார்ப்பார்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் இரு பக்கமும் சங்கடமில்லை.

தமிழ் எழுத்து விஷயத்தில்தான் கொஞ்சம் பாடுபட்டோம். அக்கா பல வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பழைய அறிக்கைகளை எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்கினோம். புதியவற்றை அவர் போனிலேயே ஜிபோர்டு விசைப்பலகையில் அடித்துப் போட்டுவிடுகிறார். இப்போது தமிழில் தேடினாலும் எங்கள் விண்ணப்பப் பக்கம் வருகிறது. கிராமத்துப் பிள்ளைகள் தமிழில்தான் தேடுகிறார்கள், இதைப் பல வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

மாணவிகளின் முகப் படங்களை முழுக்க எடுத்துவிட்டோம். உதவி வாங்கியதற்காக ஒரு பெண்ணின் முகம் எப்போதும் இணையத்தில் கிடக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் அப்டேட், பேக்கப், டொமைன் புதுப்பிப்பு, அவ்வளவுதான். பேக்கப்பை ஹோஸ்டிங்கிலேயே விட்டுவிடாமல் வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். ரசீது மட்டும் இன்னும் டேலி கணக்கு மென்பொருளிலிருந்துதான் போகிறது. தளத்திலிருந்தே ரசீது அனுப்பும் ப்ளகின்கள் இருக்கின்றன. அக்கா தானே கையாள முடிகிற ஒன்று கிடைத்தால் சேர்ப்போம்.