கோடு, தடை, சொத்துரிமை, ஓட்டு: புது மாநிலத்துல அடிமை முறைக்கு நாலு பிளான்

அமெரிக்க உள்நாட்டுப் போர்னாலே "மாநில உரிமைக்காக நடந்துச்சு"ன்னு ஒரு குரூப் கிளம்பிடும், ஆனா தகராறுல பெரும்பங்கு இன்னும் மாநிலமே ஆகாத நிலத்தப் பத்தி. மேற்கே புதுசா சேர்ற இடத்துல அடிமை முறை இருக்கலாமா கூடாதா? ஒவ்வொரு புது மாநிலத்துக்கும் மேலவையான செனட்ல ரெண்டு சீட்டு, ஆனா கீழவை சீட்டு மக்கள்தொகைப்படி. மக்கள்தொகையில அடிமை முறை இல்லாத வடக்கு எகிறிட்டே போனதால, அடிமை முறை இருந்த தெற்குக்கு மிஞ்சின முக்கியமான பிடி அந்த செனட் தான்.

முதல் பிளான் கோடு. 1820 மிசௌரி சமரசம். அப்ப அடிமை மாநிலம் 11, அடிமை இல்லாத மாநிலம் 11ன்னு சமநிலை, அது கெடாம மிசௌரி அடிமை மாநிலமாவும் மெயின் (Maine) அடிமை இல்லாத மாநிலமாவும் சேர்ந்துச்சு, பிரான்ஸ்கிட்ட வாங்கின லூசியானா நிலத்துல மிசௌரி போக 36 டிகிரி 30 நிமிஷ அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கிடையாதுன்னு முடிவாச்சு. நியாயமா? இல்லவே இல்ல, ஒரு மனுஷன் சொத்தா இல்லையான்னு மேப்ப பாத்து சொல்றாங்க. ஆனா எது எங்கன்னு குழப்பம் இல்லாததால 34 வருஷம் தாக்குப்பிடிச்சுது.

ரெண்டாவது முழுத் தடை. மெக்சிகோகிட்ட பிடிக்கிற நிலத்துல அடிமை முறையே கூடாதுன்னு 1846ல வடக்கு கீழவை உறுப்பினர் டேவிட் வில்மட் தீர்மானம் கொண்டு வந்தாரு, கீழவையில பாஸ், செனட்ல காலி. இவரு பெரிய மனிதாபிமானின்னு நினைச்சுடாதீங்க, வெள்ளைக்கார உழைப்பாளிக்கு போட்டி வரக்கூடாதுங்கறதுதான் முக்கிய கவலை.

மூணாவது சொத்துரிமை, இதுக்கு நேர் எதிர். தெற்கு செனட்டர் கால்ஹூனோட வாதம்: நிலம் எல்லா மாநிலத்துக்கும் பொது, அடிமை ஒரு சொத்து, அதனால அடிமையக் கூட்டிட்டுப் போறத காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடுக்கவே முடியாது. விடுதலை கேட்டு வழக்கு போட்ட அடிமை ட்ரெட் ஸ்காட்டோட 1857 தீர்ப்புல உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுச்சு.

கேக்க ரொம்ப இனிப்பா இருந்தது நாலாவது, அங்க குடியேறினவங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணட்டும்ங்கறது. என்னைக் கேட்டா நாலுல மோசம் இதுதான். எப்ப ஓட்டு, மாநிலம் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடியேவா இல்ல ஆகுற நேரத்துலயான்னு தெளிவா சொல்லாம விட்டதால ரெண்டு பக்கமும் அவங்கவங்க வசதிக்கு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. வடக்கு செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், கன்சாஸ், நெப்ராஸ்கா பிராந்தியங்கள உருவாக்கின 1854 சட்டத்துல இத நுழைச்சு, அந்த 1820 கோடையும் ரத்து பண்ணாரு, அப்புறம் யாரு அதிக ஆள இறக்குறதுங்கற போட்டிதான். 1855 மார்ச் கன்சாஸ் தேர்தல்ல ஓட்டுரிமை இருந்தவங்க சுமார் 2,900 பேர், விழுந்த ஓட்டு 6,000க்கும் மேல! மிசௌரியிலேந்து ஆயுதத்தோட வந்து கள்ள ஓட்டு போட்டாங்க. அடுத்த வருஷம் அடிமை எதிர்ப்பாளர்ங்க இருந்த கன்சாஸ் ஊர் லாரன்ஸ் சூறையாடப்பட்டுச்சு, பதிலுக்கு அடிமை முறைய எதிர்த்த ஜான் பிரவுனோட ஆளுங்க எதிர்த்தரப்புல அஞ்சு பேர வெட்டிக் கொன்னாங்க. இத்தனைக்கும் அடிமையா இருந்தவங்களுக்கு இந்த "மக்கள் முடிவு"ல ஓட்டே கிடையாது.

சரி, மாநில உரிமை? தப்பி ஓடின அடிமைங்கள பிடிச்சுக் கொடுக்கணும்ங்கற 1850 சட்டத்த விஸ்கான்சின் நீதிமன்றம் செல்லாதுன்னப்ப தெற்கு அந்த மாநில உரிமையக் கொண்டாடல. 1860 டிசம்பர்ல பிரிஞ்சுபோன சவுத் கரோலினா தன் அறிக்கையில வச்ச முக்கியமான புகாரே வட மாநிலங்க அந்தச் சட்டத்துக்கு ஒத்துழைக்கலங்கறதுதான்.

அதே மாசம் அந்த 1820 எல்லைக் கோடு பசிபிக் வரைக்கும் நீளட்டும்னு செனட்டர் கிரிட்டெண்டன் கேட்டாரு, லிங்கன் மசியல. தெற்கு உறுப்பினர்ங்க கிளம்பிப் போனப்புறம், 1862 ஜூன்ல இன்னும் மாநிலம் ஆகாத எல்லா பிராந்தியத்துலயும் அடிமை முறைக்கு தடை போட்டு காங்கிரஸ் சட்டமே கொண்டு வந்துச்சு, 1846ல தடை கேட்ட வில்மட் அப்ப செனட்டர்.