நாய் விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி: பக்கத்து வீட்டு நாய்களிடம் எடுபட்டதா?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். சும்மா பின்னாலேயே வரும் தெருநாயிடம் கொஞ்சம் உதவுகிறது, அதற்காக அந்த இரண்டு. பக்கத்து வீட்டில் வளர்க்கிற மூர்க்கமான நாய்க்காக இதை வாங்க நினைப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நானும் அதற்காகத்தான் வாங்கினேன்.

நாங்கள் இருப்பது நங்கநல்லூரில், எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய ஒரு தெருவில். பக்கத்து வீட்டில் ஒரு ராட்வைலரும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் இருக்கின்றன. முன்பக்கம் கம்பி கேட். தெருவில் யார் போனாலும் இரண்டும் பாய்ந்து வந்து கேட்டின் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டுக் குரைக்கும், கேட்டே ஆடும். கம்பிக்கு நடுவே மூக்கு, பல், எச்சில் எல்லாம் வெளியே வரும். அம்மா காலையில் ஆவின் பூத்துக்கு நடந்து போவதை நிறுத்திவிட்டார். மகள் ஸ்கூல் வேனுக்குப் போக என் கையை விடவே மாட்டாள். கேட்டைச் சரியாகத் தாழிடாத ஒரு நாள் ராட்வைலர் வெளியே வந்து, கூரியர் கொண்டுவந்த பையனின் கெண்டைக்காலில் பல் பதித்தது. அப்போதும் அந்த வீட்டு அண்ணன் சொன்னது, "அது ஒண்ணும் பண்ணாதும்மா, புது ஆளைப் பார்த்தா கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்."

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அந்தக் குழந்தை பூங்காக் காவலாளியின் மகள், அதாவது அவள் இருந்தது அவளுடைய இடத்தில். எங்கள் தெருவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பயத்தில்தான் ஆன்லைனில் தேடி இந்தக் கருவியை ஆர்டர் செய்தேன்.

உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் இரண்டு சின்ன ஸ்பீக்கர், நடுவில் டார்ச், பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்விட்ச், மேலே கட்டைவிரலால் அழுத்த ஒரு பட்டன். யூஎஸ்பி சார்ஜ். விலை ஆயிரத்துச் சொச்சம். பெயரைச் சொல்ல வேண்டாம், இதே பெட்டி பல பெயர்களில் விற்கிறது. டப்பாவில் 15 மீட்டர் தூரம் வரை மூர்க்கமான நாயையும் நிறுத்தும் என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரிதான் எனக்குப் பிரச்சினை.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். இந்தக் கருவி 25,000 ஹெர்ட்ஸ் அளவில் சத்தம் எழுப்புகிறது. நமக்குக் கேட்காது, நாய்க்கு எரிச்சலாக இருக்கும். தத்துவம் சரிதான். ஆனால் இவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சுவர், கதவு, நிறுத்தியிருக்கும் கார் எது குறுக்கே வந்தாலும் அடிபட்டுப் போகும். அதனால் நாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தால்தான் உண்டு. இன்னொன்று, கருவி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க நமக்கு வழியில்லை. செல்போன் ஆப்பில் பார்க்கலாமே என்று மகளுடைய அப்பா முயன்றார். போனில் பதிவாகும் ஒலி பெரும்பாலும் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, ஆகவே திரையில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு லைட் எரிகிறது, அதை நம்பித்தான் நாய்க்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

சரி, நாய்கள் என்ன செய்தன? முதல் முறை அழுத்தியபோது ஜெர்மன் ஷெப்பர்ட் சட்டென்று நின்றது. காதைப் பின்னால் மடக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டடி பின்னால் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராட்வைலர் துளிகூட அசையவில்லை, கேட்டில் தொங்கியபடியே குரைத்தது. வெறியேறி நிற்கிற நாய்க்கு அந்த நேரத்தில் வேறு எந்தச் சத்தமும் பொருட்டில்லை என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். கல்லடியே வாங்கினாலும் கவனிக்காத நிலையில் இருக்கும் நாய் இதற்கா நிற்கப்போகிறது என்றார். வயதான நாய் என்றால் காது மந்தமாகியிருக்கும், அதற்கும் இது கேட்காது.

சில வாரம் போனதும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பழகிவிட்டது. பழகியதுகூடப் பரவாயில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. மற்றவர்களுக்குக் குரைத்து ஓய்ந்த பிறகும் என்னைப் பார்த்தால் மட்டும் அது தனியாக உறுமத் தொடங்கியது. நான் வந்தால் காது வலிக்கும் என்று அது கணக்குப் போட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கேட்டுக்கு உள்ளே நிற்கிற நாய், தன் வீட்டில் நிற்கிற நாய், அதனால் விலகி ஓடவும் முடியாது. அதை வெளியிலிருந்து சீண்டினால் அதன் கோபம் ஏறத்தான் செய்யும். எங்கள் தெருமுனையில் இருக்கும் கறுப்பி, யாரையும் கடித்ததே கிடையாது, மகள் பிஸ்கட் போட்டால் வாலாட்டிக்கொண்டு வருவாள். இந்தக் கருவியை எடுத்தால் அவள்தான் முதலில் பயந்து ஓடினாள். சாதுவான நாய்க்குத் தண்டனை, முரட்டு நாய்க்கு ஒன்றுமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். ராட்வைலர் மறுபடி ஒரு நாள் வெளியே வந்தபோது கருவி என் கைப்பையில்தான் இருந்தது. ஜிப்பைத் திறந்து, தேடி, ஸ்விட்சைத் தள்ளி, பட்டனை அழுத்த நேரம் இருக்கிறதா என்ன? பையையே முன்னால் பிடித்துக்கொண்டு, ஓடாமல், அதன் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பி அப்படியே நின்றேன். அது பையை முகர்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றியது, அதற்குள் அண்ணன் ஓடிவந்து காலரைப் பிடித்துவிட்டார். ஓடியிருந்தால் துரத்தியிருக்கும். குழந்தைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுங்கள்: ஓடாதே, கத்தாதே, மரம் மாதிரி நில்லு, கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்.

எங்கள் தெருவில் நிலைமையை மாற்றியது வேறு ஒரு பொருள், அதற்கு நான் ஐந்துக்கு ஐந்தும் தருவேன். நர்சரியிலும் மாடித் தோட்டத்திலும் கட்டுகிற பச்சை நிழல்வலை, 90 சதவீதம் நிழல் தருகிற அடர்த்தியான ரகம். கேட்டுக்கு உள்ளே இருக்கும் நாய் தெருவைப் பார்க்கிறது, ஆளைப் பார்க்கிறது, நெருங்க முடியவில்லை, அந்த ஆத்திரத்தில்தான் ஒவ்வொரு தடவையும் பாய்கிறது. ஆள் கடந்து போனதும், குரைத்துத் துரத்திவிட்டோம் என்று அதற்குத் தோன்றும். இப்படி நாள் முழுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டே இருந்தால் மூர்க்கம் கூடாமல் என்ன செய்யும்? பார்வையை மறைத்தால் பாதி வேலை முடிந்தது என்று அதே மருத்துவர்தான் சொன்னார்.

ஆனால் கேட் அவர்களுடையது. அதனால் பேசித்தான் ஆக வேண்டும். அண்ணன் நாய்களை உள்ளே கட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சண்டைக்குப் போகவில்லை. "அண்ணா, உங்க நாயைக் குறை சொல்ல வரல. அம்மா பால் வாங்கப் போறதையே விட்டுட்டாங்க. வலை நானே வாங்கித் தரேன், கட்டிக்க மட்டும் சம்மதிங்க" என்றேன். அவர் முகம் சுருங்கத்தான் செய்தது. அண்ணிதான், "கட்டட்டும்ங்க, எனக்கும் நாள் பூரா இந்தச் சத்தம் தாங்கல" என்றார். அப்போதே சட்டத்தையும் மெதுவாக எடுத்து வைத்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி, தன்னிடம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கூரியர் பையன் புகார் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். மிரட்டலாக இல்லாமல் சொன்னதால் காது கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

வலையைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. மெல்லிய ரகம் வேண்டாம், அதில் நிழல் தெரியும், நாய் அந்த நிழலைப் பார்த்துக் குரைக்கும். வலையை இரண்டாக மடித்து, கேட்டின் வெளிப்பக்கம் வைத்து, கம்பிக்குக் கம்பி கேபிள் டை போட்டு இறுக்குங்கள். உள்பக்கம் கட்டினால் நகத்தால் ஒரே நாளில் கிழித்துவிடும். கேட்டுக்குக் கீழே இருக்கும் இடைவெளிதான் பெரிய தலைவலி. மேலே மறைத்ததும் இரண்டும் தரையில் படுத்து, மூக்கைக் கீழே விட்டுக் குரைத்தன. வெல்டிங் பட்டறையில் சொல்லி, தரையிலிருந்து முட்டி உயரத்துக்குத் தகரம் அடித்த பிறகுதான் அது அடங்கியது. அதே ஆளிடம் கேட் தானாக மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங்கும், நாய் எம்பித் தட்டினாலும் திறக்காத தாழ்ப்பாளும் போடச் சொன்னார் அண்ணன். அது அவர் செலவு. வலையும் கேபிள் டையும் சேர்த்து எனக்கு ஆனது கருவியின் விலையைவிடக் குறைவு. சத்தம் அடியோடு நின்றுவிடவில்லை. தபால்காரர் மணி அடித்தால் இன்னும் குரைக்கின்றன. ஆனால் கேட் ஆடுவதில்லை, பல் வெளியே வருவதில்லை, அம்மா மறுபடி பூத்துக்குப் போகிறார்.

வாய்க்கூடு பற்றி ஒரு வார்த்தை. வெளியே கூட்டிப்போகும்போது கயிறும் வாய்க்கூடும் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி சொல்கிறது, உரிமம் எடுக்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழும் கேட்கிறது. அண்ணன் முதலில் வாயை இறுக்கிக் கட்டுகிற நைலான் பட்டை வாங்கியிருந்தார். அது தவறு. நாய்க்கு உடம்புச் சூடு தணிவது பெரும்பாலும் வாய் வழியாக இரைப்பதில்தான். சென்னை வெயிலில் வாயை இறுக்கிக் கட்டி நடத்தினால் நாய் மயங்கி விழுந்துவிடும். வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை வடிவ வாய்க்கூடுதான் வாங்க வேண்டும். கூடையை முதல் நாளே மாட்டி இழுத்துப் போகாமல், உள்ளே கோழித்துண்டு வைத்து, தானாக மூக்கை நுழைக்கப் பழக்கினார்கள். இப்போது ராட்வைலர் கூடையைப் பார்த்தாலே வாலாட்டுகிறது.

ராட்வைலரைத் தடை செய்தாலே தீர்ந்தது என்று எங்கள் தெருவில் பலர் சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த வாதம் எப்படிப் போனாலும் சரி, எங்கள் தெருவில் அந்த நாய் ஏற்கெனவே இருக்கிறது. அதை நடை கூட்டிப் போகாமல் நாள் முழுக்கக் கேட்டுக்குப் பின்னால் விட்டிருந்தது மனிதர்கள்தான்.

மிளகு ஸ்பிரேயும் யோசித்தேன். காற்று எதிரே அடித்தால் நம் கண்ணுக்கே வரும், பக்கத்தில் குழந்தை இருந்தால் நினைத்தே பார்க்க முடியாது, விட்டுவிட்டேன். ஷாக் காலர் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு செல்லப்பிராணிக் கடையில் சொன்னார்கள். ஆளைப் பார்க்கும்போதெல்லாம் வலித்தால் ஆளின் மேல்தான் வெறுப்பு வரும், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எந்தக் கருவியை நம்பினாலும் இதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பல் பட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்று உரிமையாளர் சத்தியம் செய்தாலும், உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அந்தக் கூரியர் பையனை எங்கள் வீட்டுக் குழாயிலேயே கழுவவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். ரத்தம் வந்திருந்ததால் தடுப்பூசியோடு, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட்டார்கள், காசு வாங்கவில்லை. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் போக வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது. காயம் ஆறிவிட்டது என்று அவன் கடைசி ஊசிக்குப் போகாமல் இருக்கப் பார்த்தான், அண்ணனையே வண்டியில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், போனார்.

கருவிக்கு வருகிறேன். சார்ஜ் நன்றாக நிற்கிறது, கையில் பிடிக்க வசதி, டார்ச் பிரகாசம். காலை இருட்டில் நடைப்பயிற்சி போகிறவர்கள், வண்டியைத் துரத்தாமல் சும்மா பின்தொடர்கிற நாய்களுக்காக வாங்கலாம், அதுவும் பைக்குள் போடாமல் கையில் வைத்திருந்தால்தான். பக்கத்து வீட்டு நாய்க்கு என்றால் காசை நிழல்வலைக்கும் தகரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வலை வாங்கும்போது ஓரத்தில் மடித்துத் தைத்து வளையம் வைத்ததாகக் கேளுங்கள், எங்களுடையது ஓரம் பிரிந்து நூல் நூலாக வருகிறது. மழைக்காலத்துக்கு முன் அதை மாற்ற வேண்டும், இந்த முறை அண்ணனே வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.