மைலோமா உள்ளவருக்கு எந்த இரத்த அழுத்த மாத்திரை? டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் மற்றவையும்

மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. அதனால் நோய் உறுதியாகும் நாளிலேயே பலர் பல ஆண்டுகளாக ஏதோவொரு இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்திருப்பார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கிய பரபரப்பில் அந்தப் பழைய மாத்திரை பொருந்துமா என்று கேட்க மறந்துபோகிறது. மைலோமா முதலில் பதம்பார்க்கும் இடங்களில் சிறுநீரகமும் இரத்தத்தின் கால்சியம் அளவும் அடங்கும். இரத்த அழுத்த மருந்துகளில் பலவும் அதே இரண்டின் மீதுதான் கைவைக்கின்றன.

மருந்துகளை ஒப்பிடும் முன், அழுத்தம் ஏன் ஏறியது என்று பார்த்துவிட வேண்டும். மறுபடி தலைதூக்கிய மைலோமாவுக்குத் தரப்படும் கார்ஃபில்சோமிப் ஊசி இதில் பெயர் பெற்றது. அதை மற்றொரு மைலோமா ஊசியான போர்டிசோமிப்புடன் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2016-இல் வெளியான எண்டெவர் ஆய்வில், கடுமையான உயர் இரத்த அழுத்தம் முதல் பிரிவில் 9 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 3 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. ஏறத்தாழ எல்லாச் சிகிச்சைத் திட்டங்களிலும் இடம்பெறும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. வாரம் ஒருமுறை 40 மில்லிகிராம் விழுங்கும் நாளில் எடுத்த ஓர் அளவை மட்டும் வைத்து மாத்திரையின் அளவைக் கூட்டுவது அவசரம். இரத்தசோகைக்காகப் போடும் எரித்ரோபொய்டின் ஊசியும் அழுத்தத்தை உயர்த்தும். முதுகுவலி தாங்காமல் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் டைக்லோஃபெனாக் மாத்திரை அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதை நிறுத்தினாலே சிலருக்குப் புதிய மாத்திரை தேவைப்படாது.

காரணங்களைக் களைந்த பின்னும் அழுத்தம் இறங்காவிட்டால், உண்மையான போட்டி இரண்டு வகைகளுக்கிடையேதான். ஒருபுறம் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகையும் அவற்றின் உறவான ராமிப்ரில், எனலாப்ரில் வகையும், மறுபுறம் அம்லோடிபின். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2022-இல் வெளியிட்ட புற்றுநோய்-இதயநோய் வழிகாட்டுதல், பொதுவாகப் புற்றுநோயாளிகளுக்கு முதல் தேர்வாக முந்தைய வகையையும் அடுத்ததாக அம்லோடிபின் வகையையும் வைக்கிறது. இதயத் தசையைத் தளர்த்தக்கூடிய கார்ஃபில்சோமிப் எடுப்பவருக்கும், சிறுநீரில் புரதம் கசியும் சர்க்கரை நோயாளிக்கும் இந்த வரிசை நியாயமானது.

ஆனால் மைலோமாவில் சிறுநீரகம் நிலையாக இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மைலோமா செல்கள் சுரக்கும் லைட் செயின் புரதங்கள் சிறுநீரக நுண்குழாய்களில் கட்டிபோல் உறைந்து வழியை அடைக்கின்றன. நீர்ச்சத்து குறைந்து, குழாய்களில் ஓட்டம் தளரும்போது இந்த அடைப்பு விரைவாகிறது. டெல்மிசார்ட்டன் வகை, சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தைக் குறைத்தே நீண்ட காலத்தில் நன்மை செய்கிறது. கிரியேட்டினின் (சிறுநீரகம் தளரும்போது இரத்தத்தில் கூடும் கழிவுப்பொருள்) நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதே செயல் பாதகமாக முடியலாம். லெனலிடோமைடு என்னும் மைலோமா மருந்தோ போர்டிசோமிப்போ எடுக்கும்போது வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டால், அந்த நாட்களில் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். பொட்டாசியம் ஏறுவதும் இதன் குணம்: உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு மூன்று இளநீர் குடிப்பவர், சிறுநீரகம் தளர்ந்த நிலையில் டெல்மிசார்ட்டனும் எடுத்தால் பொட்டாசியம் எகிறும் வாய்ப்பு உண்டு.

அம்லோடிபினுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை; அது பொட்டாசியத்தையோ கால்சியத்தின் இரத்த அளவையோ தொடுவதில்லை, சிறுநீரகம் பழுதானாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. ஆகவே நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு, கிரியேட்டினின் எங்கே நிற்கும் என்று தெரியாத முதல் வாரங்களில் அம்லோடிபினே பாதுகாப்பான தேர்வு என்பது என் கணிப்பு. நிலைமை தேறிய பின், மாதாந்திரப் பரிசோதனையில் கிரியேட்டினின் அசையாமல் நின்றால், டெல்மிசார்ட்டனுக்கு மாறலாம் அல்லது அதைச் சேர்க்கலாம். அம்லோடிபினின் குறை கணுக்கால் வீக்கம். வேறொரு நோயில் இது சிறு தொந்தரவு; மைலோமாவில் குழப்பத்தின் ஊற்று. லெனலிடோமைடோ அதே குடும்பத்துத் தாலிடோமைடோ எடுப்பவருக்குக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையலாம், கார்ஃபில்சோமிப் எடுப்பவருக்கு இதயம் தளரலாம், புரதம் கசிந்தும் கால் வீங்கலாம். இரண்டு காலும் மாலையில் வீங்கிக் காலையில் வடிந்தால் மாத்திரையைச் சந்தேகிக்கலாம். ஒரு கால் மட்டும் வலியுடன் வீங்கினால் அன்றே சிரையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அம்லோடிபினின் ஒன்றுவிட்ட உறவுகளான டில்டியாசெம், வெராபமில் இரண்டையும் மேற்சொன்ன வழிகாட்டுதல் விலக்கச் சொல்கிறது. போர்டிசோமிப்பையும் டெக்சாமெத்தசோனையும் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அவை தடுக்கின்றன என்பது ஒரு காரணம்; தாலிடோமைடு தரும் மலச்சிக்கலை வெராபமில் இரட்டிப்பாக்கும் என்பதை நானே சேர்த்துக்கொள்கிறேன்.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளான தையசைடு வகைதான் முதலில் களையப்பட வேண்டியது. ஹைட்ரோகுளோரோதையசைடும் குளோர்தாலிடோனும் சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. எலும்பு அரிக்கப்பட்டு ஏற்கெனவே கால்சியம் ஏறும் நோயில் இது எரிகிற தீயில் எண்ணெய். இவை தனி மாத்திரையாக மட்டுமல்லாமல், டெல்மிசார்ட்டனுடன் சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் நம் கடைகளில் ஏராளமாக விற்கின்றன. ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்ததென்றால் பெயரின் வாலில் பெரும்பாலும் 'எச்' என்ற எழுத்து இருக்கும், அட்டையின் பின்புறச் சிற்றெழுத்தில் 12.5 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். சாப்பிடுபவருக்குத் தாம் தையசைடு எடுப்பதே தெரியாது. சிறுநீரைப் பெருக்கும் இன்னொரு மருந்தான ஃப்ரூசமைடு கால்சியத்தை ஏற்றாது என்றாலும், உடம்பை வறளச் செய்து நுண்குழாய் அடைப்புக்குத் துணைபோகும். நீர் கோத்திருந்தாலொழிய அது வேண்டாம்.

இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்களில் கார்வெடிலால், பைசோப்ரோலால் ஆகியவை இதயத் தளர்ச்சி உள்ளவருக்குப் பயன்படும். தாலிடோமைடு எடுப்பவருக்கு நாடித்துடிப்பு மிகவும் குறைந்துவிடுமா என்று கவனிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு கண் வேண்டும். போர்டிசோமிப் நரம்பைப் பாதித்தால், எழுந்து நின்றதும் அழுத்தம் சரிந்து தலை சுற்றும். எலும்பு நொறுங்கும் நோயில் ஒரு விழுகை எலும்பு முறிவில் முடியலாம். ஆகவே உட்கார்ந்தும் நின்றும் இருமுறை அளந்த பிறகே மாத்திரையைக் கூட்ட வேண்டும். பல ஆண்டு இரத்த அழுத்தக்காரர் ஒருவருக்கு மாத்திரை இல்லாமலேயே அழுத்தம் 110-க்கு இறங்கிவிட்டால், வீட்டார் மகிழ்வது இயல்பு. ஆனால் மைலோமாவுடன் சேர்ந்து வரக்கூடிய அமிலாய்டு படிவு (பிறழ்ந்த புரதம் உறுப்புகளில் படிவது) இதயத்தைப் பிடித்திருக்கிறதா என்று எக்கோ பார்க்கச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அமிலாய்டு உறுதியானால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது: டெல்மிசார்ட்டனையும் ராமிப்ரிலையும் அவர்களில் பலரால் தாங்க முடியாது, டில்டியாசெமும் வெராபமிலும் தொடவே கூடாதவை.